கரைக்குக் கீழே நிற்கிறவர்

போட்டோக்காரருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்பது அந்த ஊரில் இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம். ஒருவர் போட்டோக்காரர், இன்னொருவர் அவர் மனைவி. கண் டாக்டருக்கும் தெரியும்தான். ஆனால் அவர் வெளியூர், கணக்கில் சேர்த்தியில்லை. படம் எடுத்துப் பிழைக்கிறவருக்குக் கண் தெரியவில்லை என்பதை மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இரண்டு வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஊரில் எது நடந்தாலும் அவர் கேமராவோடு நிற்பார். பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம், புதுப் பாலத் திறப்பு, சாக்கடை அடைத்துக்கொண்டு தெருவெல்லாம் ஆறாக ஓடுவது, மீன் சந்தையில் தராசைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சண்டை, கழுத்து நிறைய நுரையோடு சலூன் நாற்காலியில் தூங்கிப்போன ஆள். வாரப் பத்திரிகைக்கும் நகராட்சி ஆபீசுக்கும் அவர்தான் படம் கொடுப்பவர். தூரம் கிட்டம் எல்லாம் கேமரா தானாகவே பார்த்துக்கொள்ளும். வெளிச்சத்தை அவள் முன்கூட்டியே திருகி வைத்துவிடுவாள். விழாக்களில் அவருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நின்று சட்டை நுனியைப் பிடித்திருப்பாள். இரண்டு இழுப்பு என்றால் இடப்பக்கம் திரும்பு, மூன்று என்றால் வலப்பக்கம், ஒரே ஒரு இழுப்பு என்றால் எடு. "இந்த வயசுலயும் புருஷனை விட்டு ஒரு அடி நகர மாட்டேங்குதே அந்தம்மா" என்று ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் ரப்பரக்கா. கடையின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைச் சுத்தம் பண்ணுவது அவள் வேலை. முகப்பரு, கருவளையம், மேடையில் பேசுகிறவருக்குப் பின்னால் கொட்டாவி விட்ட ஆள், எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். பெயர் வைத்தவர் நகராட்சி கிளார்க். அவருடைய இரட்டைத் தாடையை அவள்தான் பத்து வருஷமாக ஒற்றையாக்கிக் கொடுத்துவருகிறாள். நன்றி மறக்காத மனிதர்.

இதெல்லாம் பிழைப்பு. போட்டோக்காரர் தனக்கென்று எடுப்பது ஒன்றே ஒன்றுதான், விடிகாலை ஏரி. வீட்டு வாசலிலிருந்து படகுத்துறைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு. அதற்குக் கண் வேண்டியதில்லை, கால் போதும். துறையின் கடைசிப் பலகையில் கேமரா முக்காலியை நிறுத்தினால் எதிரே ஏரிக்கரை. கரைமேல் வரிசையாக இரும்புக் கம்பங்கள். கோடியில் மதகு. காற்று எழும்புமுன் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும், கம்பங்கள் அதில் தலைகீழாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அதே இடம், அதே கரை. அந்தப் படங்களில் ஒன்றைத்தான் நகராட்சி வருஷா வருஷம் காலண்டரில் போடும். மேலே பெரிய படம், கீழே தினம் கிழிக்கிற தாள்கட்டு. எல்லார் வீட்டுச் சுவரிலும் அது தொங்கும்.

அதற்குக் கிளார்க் ஒரு சட்டம் போட்டிருந்தார். "ஏரிப் படத்துல ஆளே இருக்கக்கூடாதுக்கா. ஒருத்தர் இருந்தாருன்னு வைங்க, அவர் எந்தக் கட்சி, யாரோட மச்சான்னு பஞ்சாயத்து வந்துரும்."

ஆகவே கரையில் நடக்கப்போனவர், நாயோடு நின்றவர் எல்லாரையும் ரப்பரக்கா அழித்துவிடுவாள். அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் கரையை மட்டும் பார்ப்பாள். அங்கே ஆள் இருந்தால் அழித்துவிட்டுக் கீழே இறங்கி, தண்ணீரில் இருக்கிற நிழலையும் அழிப்பாள். கரையில் ஆள் இல்லையென்றால் தண்ணீர்ப் பக்கம் போகவே மாட்டாள். மேலே ஆள் இல்லாமல் கீழே நிழல் எங்கிருந்து வரும்? இத்தனை வருஷத்தில் அந்த முறை அவளை ஏமாற்றியதில்லை.

அவருக்குப் போனது நடுப்பார்வை. ஆளை நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலை அப்பினாற்போல இருக்கும். முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டால் ஓரக்கண்ணில் ஆள் தெரிவார். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொல்லியிருந்தார். "சில பேருக்கு இல்லாததெல்லாம் தெரியும்மா. பயந்துக்காதீங்க. கண்ணு விட்ட இடத்தை மூளை தானா இட்டு நிரப்பும், அவ்வளவுதான்."

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஏரியிலிருந்து வந்தவர், காலைக்கூடக் கழுவாமல் பின்னறைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னைக்கு ஒருத்தன் நின்னான்."

"எங்க?"

"மூணாவது கம்பத்துக்கும் நாலாவது கம்பத்துக்கும் நடுவுல. கரையில இல்ல. கரைக்குக் கீழ."

"கரைக்குக் கீழ தண்ணிதானே இருக்கு? தண்ணி மேலயா நிக்க முடியும்?"

"அதான் எனக்கும் விளங்கல. நேரா பார்த்தா இல்ல. மூஞ்சியை இப்படித் திருப்பினா நிக்கிறான். தோள்ல பை மாட்டியிருக்கான். நம்ம பக்கமே பார்க்கிறான். படத்துல இருக்கானா பாரு."

அவள் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். கம்பங்கள்தான் இருந்தன. டாக்டர் சொன்னது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"இல்லீங்க. யாரும் இல்ல."

அவர் கேமராவை உறையில் போட்டு மூடினார். மறுநாள் ஏரிக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. ரொட்டியைப் பிய்த்து டீயில் போட்டுவிட்டு, அது ஊறிக் கரைந்து அடியில் படியும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "கண்ணு போறது தெரிஞ்ச விஷயம்தான். மண்டையும் சேர்ந்து போகுதுன்னா அப்புறம் எனக்கு என்ன வேலை? இனிமே கேமராவைத் தொட மாட்டேன்" என்றார். நான்கு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஐந்தாம் நாள் அவள் வம்பு பண்ணி அவரை ஏரிக்கு அனுப்பிவைத்தாள். வந்ததும் வராததுமாக அவர் அதே கேள்வியைக் கேட்டார்.

"இருக்கானா பாரு."

"இருக்கான்" என்றாள்.

அவர் அன்றைக்கு இரண்டு முட்டை தின்றார். உருளைக்கிழங்கை அவரே உரித்துக் கொடுத்தார். ஒரே ஒரு பொய்தான், வீடு பழையபடி ஆகிவிட்டது. அதனால் மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இது தினமும் முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு நடந்தது.

வம்பு எப்போது வந்தது என்றால், அவர் பெரிய பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்து, "நானே பார்க்கிறேன், காட்டு" என்றபோது. "படம் ஏறிட்டிருக்கு, அரை மணி பொறுங்க" என்று அவரை டீக்கடைக்கு அனுப்பினாள். அவளிடம் ஒரு பெட்டி உண்டு, கம்ப்யூட்டருக்குள். படங்களிலிருந்து வெட்டி எடுத்த ஆட்களை அதில் போட்டு வைத்திருப்பாள். சந்தைப் படம் வெறிச்சென்று இருந்தால் இரண்டு பேரை எடுத்து நிறுத்துவதற்கு. அதில் தேடினாள். முதுகைக் காட்டிக்கொண்டு, தோளில் பையோடு நிற்கிற ஒரு ஆள் கிடைத்தான். ஆறு வருஷத்துக்கு முந்தைய தெருப் படம் ஒன்றிலிருந்து வெட்டியது. அந்த முதுகை அவளுக்கு நன்றாகத் தெரியும். தெருவில் எந்தப் படம் எடுத்தாலும் குறுக்கே வருகிற முதுகு. எத்தனையோ தடவை அழித்திருக்கிறாள். இன்றைக்கு அதைக் கரைமேல், மூன்றாம் கம்பத்துக்கும் நான்காம் கம்பத்துக்கும் நடுவில் ஒட்டினாள்.

அவர் மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து, தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பை சரி. ஆனா இவன் மேலதானே நிக்கிறான்? நான் பார்த்தவன் கீழ."

"உங்களுக்கு மேலயும் கீழயும் மாறித்தான் தெரியும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. பாவம், போட்டோக்காரர் தலையாட்டிக்கொண்டார்.

வருஷக் கடைசியில் காலண்டருக்குப் படம் கேட்டுக் கிளார்க் வந்தபோது அவள் கடையில் இல்லை, வெளியூருக்குக் கண் சொட்டுமருந்து வாங்கப் போயிருந்தாள். போட்டோக்காரரே எடுத்துக் கொடுத்தார். எதைக் கொடுத்தார்? தன் கண்ணுக்குச் சாட்சியாக இருக்கிற படத்தைத்தான் கொடுத்தார். "ஆளு இருக்கே" என்று கிளார்க் முதலில் தயங்கியிருக்கிறார். அப்புறம், முதுகு தெரிந்தால் பஞ்சாயத்து வராது, இது ஒரு கலையாகவும் இருக்கிறது என்று வாங்கிப் போய்விட்டார். அவளுக்கு விஷயம் தெரிந்து தலையில் அடித்துக்கொண்டபோது இரண்டாயிரம் காலண்டர் அச்சாகி, கட்டுக் கட்டாக வீதிக்கு வந்தாகிவிட்டது.

புது வருஷம் பிறந்து பத்துத் தாள் கிழிந்திருக்கும். காலை பதினொரு மணிக்குத் தையல்காரம்மா கடைக்குள் வந்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் மிஷின் போட்டிருப்பவள். கக்கத்தில் சுருட்டிய காலண்டர். உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமல் மேசைமேல் அதை விரித்து நான்கு மூலைக்கும் கையில் கிடைத்ததை வைத்தாள்.

"அக்கா, இது எப்ப எடுத்தது?"

"போன வருஷம், மழை விட்ட சமயம்" என்றாள் ரப்பரக்கா. ஏரியைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

"போன வருஷமா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

தையல்காரம்மா விரலால் அந்தச் சிறிய முதுகைத் தொட்டாள். "இது எங்க வீட்டுக்காரர்."

ரப்பரக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற ஆள். அதனால்தான் எல்லாத் தெருப் படத்திலும் குறுக்கே வந்திருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டார் என்று ஊர் பேசியது. ரப்பரக்காவும் அதைக் கேட்டு உச்சுக்கொட்டியவள்தான்.

"பை வார் தேச்சுத் தேச்சுச் சட்டையில அந்த எடம் மட்டும் கிழியும். நீலத் துணியில ஒட்டுப் போட்டேன். பழைய தலையணை உறையில வெட்டினது. இங்க பாருங்க, நீலமாத் தெரியுது. நான் போட்ட ஒட்டு எனக்குத் தெரியாதா?" அவள் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, இரண்டும் ஒரே நேரத்தில். "உசுரோட இருக்காரு. ஊருக்குள்ளயே வந்துட்டுப் போயிருக்காரு. என்ன கோவமோ, வீட்டுக்கு வர வெக்கமோ. வரட்டும். பத்து நாளா ரெண்டு தட்டு வைக்கிறேன்க்கா."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ரப்பரக்கா சொல்லவில்லை. ஒட்டினேன் என்றால் ஏன் ஒட்டினாய் என்று கேள்வி வரும். அதைச் சொன்னால் புருஷனின் கண் சந்தைக்கு வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தாள். அந்த டீயைத் தையல்காரம்மா குடித்த சந்தோஷத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாளிலிருந்து தையல்காரம்மா விடியுமுன் ஏரிக்கரைக்கு வந்து நின்றாள். அதைப் போட்டோக்காரர்தான் வந்து சொன்னார்.

"ஒரு பொம்பளை வந்து நிக்குதும்மா. மூணாவது கம்பத்துக்கிட்ட. அது மேல நிக்குது, அவன் கீழ நிக்கிறான். அதுக்கு இவனைத் தெரியல போலிருக்கு."

ரப்பரக்கா மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டாள். அன்றைக்கு அவள் படத்தைத் திறக்கவே இல்லை. பார்த்தேன் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகும் பல நாள் திறக்கவில்லை. ஏன்? பயம், வேறென்ன.

ஒரு வாரம் கழித்து, கொட்டுகிற பனியில் நின்று நின்று தொண்டை கட்டிப்போய், தையல்காரம்மா மறுபடியும் வந்தாள். காலண்டர் கக்கத்திலேயே இருந்தது.

"புறப்படறேன்க்கா. மிஷினைத் தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன். கடையைக் காலி பண்ணியாச்சு. பக்கத்து ஊருங்க ஒவ்வொண்ணாப் போய் இந்தப் படத்தைக் காட்டிக் கேக்கப் போறேன். எத்தனை மாசம் ஆனாலும் சரி."

ரப்பரக்கா எழுந்து கதவைச் சாத்தினாள். பின்பக்கம் போட்டோக்காரர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தாலும் விழட்டும் என்று தீர்மானித்துவிட்டாள்.

"போகாதம்மா. உக்காரு. நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்."

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணை, சாப்பிடாமல் கிடந்ததை, வெட்டிய ஆட்களின் பெட்டியை, ஆறு வருஷத்துத் தெருப் படத்தை. அந்தப் பழைய படத்தையே திறந்து காட்டினாள். அதே முதுகு, அதே நீல ஒட்டு, முன்னால் ஏரிக்குப் பதில் ஒரு மளிகைக் கடை.

தையல்காரம்மா கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்திருந்தாள். அவள் அதெல்லாம் செய்யவில்லை. கொஞ்ச நேரம் மளிகைக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. முதுகு நீங்க ஒட்டினது. அப்ப மூஞ்சி?"

"எந்த மூஞ்சி?"

"முதல்ல முதுகைப் பார்த்துத்தான் நின்னேன். ஆனா முதுகை மட்டும் வச்சா மிஷினைக் கொடுத்துட்டு வருவேன்? தண்ணியில மூஞ்சி தெரியுதே. அதையும் நீங்கதான் ஒட்டினீங்களா?"

தொழில் தெரிந்தவள், வாய் முந்திக்கொண்டது. "நிழல் தனியாத்தான் போடணும். ஆளைத் தலைகீழாத் திருப்பி, கொஞ்சம் மங்கலாக்கி..." அவ்வளவில் நின்றுவிட்டாள். அப்படி எதையும் அவள் செய்யவில்லை. அரை மணி அவசரத்தில், அழித்தே பழகிய கைக்கு, ஆளை வைத்தால் நிழலும் வைக்க வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. பத்து வருஷத்தில் செய்யாத தப்பு.

காலண்டரைக் குனிந்து பார்த்தாள். மேலே கரையில் ஒட்டின ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு. கீழே தண்ணீரில், கம்பங்களின் நிழல்களுக்கு நடுவில், தலைகீழாக ஒரு ஆள். தோளில் பை. முதுகு காட்டி நிற்கிறவரின் நிழலுக்கு முகம் இருந்தது.

கம்ப்யூட்டரில் அந்த வேலையைத் திறந்தாள். ஒட்டுவதெல்லாம் கண்ணாடித்தாள் மாதிரி தனித்தனி அடுக்காக இருக்கும். ஒவ்வொரு அடுக்குக்குப் பக்கத்திலும் கண் மாதிரி ஒரு குறி. அதை அழுத்தினால் அந்த அடுக்கு மறையும். அழுத்தினாள். கரைமேல் நின்ற முதுகு மறைந்தது. தண்ணீரில் நின்றவர் அப்படியே இருந்தார்.

"என்னக்கா, போகல?" என்றாள் தையல்காரம்மா.

"இரு, இரு." கேமராவிலிருந்து வந்த அசல் படத்தைத் திறந்தாள். யார் கையும் படாதது. காலியான கரை. கம்பங்கள். கீழே அவர்.

முந்தின நாள் படம். இருந்தார். அதற்கு முந்தின நாள். இருந்தார். முகில் வேறு, வெளிச்சம் வேறு, ஒரு நாள் மழைத்தூறல் விழுந்து தண்ணீரெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. அந்தப் புள்ளிகளுக்கு அடியிலும் இருந்தார். கரையில் ஒருவரும் இல்லை. போன வருஷம். அதற்கு முந்தின வருஷம். இத்தனை நாளும் தினமும் திறந்து, கரையைப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று மூடிய படங்கள்.

"அவர் வீட்டுக்கு வராத தேதி எது?"

தையல்காரம்மா யோசிக்காமல் சொன்னாள். ஒரு வியாழக்கிழமை. மீட்டர் கணக்கை மதகில் இருக்கிற ஆபீசில் கொடுத்துவிட்டுக் கரை வழியே வருகிற நாள். சாயங்காலம் இடி மழை.

வெள்ளிக்கிழமைப் படத்தைத் திறந்தாள். மூன்றாம் கம்பத்துக்கும் நான்காம் கம்பத்துக்கும் நடுவில், தண்ணீருக்குள், புதிதாக வந்தவர் போலக் கொஞ்சம் ஒதுங்கி நின்றார். வியாழக்கிழமைப் படத்தைத் திறந்தாள். கம்பங்கள் மட்டும் இருந்தன.

பின்கதவில் போட்டோக்காரர் நின்றிருந்தார். ஒரு கையில் பாதி உரித்த கிழங்கு. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார். அவர் அவர்களைப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

"நான் சொன்னேன்ல" என்றார் மெதுவாக. "கரைக்குக் கீழன்னு."

ரப்பரக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருக்கான் இருக்கான் என்று அவருக்குச் சொன்ன பொய்யெல்லாம் நிஜம்; இல்லை என்று முதல் நாள் சொன்ன நிஜம்தான் பொய். ஊருக்கெல்லாம் கண்ணாக இருக்கிறேன் என்று நினைத்தவள், கண் போனவர் பார்த்ததைப் பார்க்கவில்லை.

தையல்காரம்மா காலண்டரைச் சுருட்டினாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, மடிப்பு விழாமல் சுருட்டினாள்.

"ஓடிப் போகல" என்றாள். "ஊரு சொன்ன மாதிரி எங்கயும் ஓடிப் போகல."

"இல்லம்மா."

"தண்ணிக்குள்ள தேடணும்னா யார்கிட்ட சொல்லணும்?"

"நகராட்சியில. கிளார்க்கிட்ட நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா, இதை எதுக்கு ஒட்டினேன்னு கேப்பாங்களே. அண்ணன் கண்ணு விஷயம்..."

"கேக்கட்டும். மூணு வருஷம் நீ தனியா ஊர் வாயில கிடந்தது போதும்."

கிளார்க் அசல் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் ரப்பரக்கா கண் விஷயத்தையும் சொன்னபோதுதான் வாய் திறந்தார்.

"ரெண்டு வருஷமா கண்ணு தெரியாமயா என்னைப் படம் எடுத்தாரு? அதான் அந்த ரெண்டு வருஷத்துப் படம் மட்டும் நல்லா விழுந்திருக்கு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக் காலையில படகு இறக்கச் சொல்றேன். ரிக்கார்டுக்குப் படம் வேணும். அவரையே வந்து எடுக்கச் சொல்லுங்க. அவர் பார்த்ததை நாங்க யாரும் பார்க்கலியே."

மறுநாள் விடியும்போது காற்று இல்லை. போட்டோக்காரர் வழக்கமான பலகையில் முக்காலியை நிறுத்தினார். அவள் பின்னால் நின்று சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். எதிரே கரையில் கிளார்க் குளிருக்குக் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார். அவருக்கு நாலு அடி தள்ளித் தையல்காரம்மா. கீழே இரண்டு படகுகள். படகுக்காரர்கள் கொக்கிக் கம்பைத் தண்ணீருக்குள் விட்டு, குருடன் தடியால் தடவுகிற மாதிரி தடவினார்கள். தண்ணீர் கலங்கி, கம்பங்களின் நிழலெல்லாம் நெளிந்தது.

வெயில் மரத்து உச்சியைத் தொடும் நேரத்துக்கு ஒரு கொக்கி மாட்டியது. இழுத்தார்கள். பாசி படிந்த ஒரு பை. வார் அறுபடாமல் இருந்தது. படகுக்காரர் அதைப் படகில் வைத்துவிட்டு மறுபடியும் குனிந்து கம்பை விட்டார். கம்பு நின்றது. அவர் நிமிர்ந்து, கரையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கிளார்க் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். தையல்காரம்மா அழவில்லை. வெகுநேரமாகக் காத்திருந்த பஸ் வந்துவிட்டது போல ஒரு மூச்சு விட்டாள். அது படகுத்துறைவரை கேட்டது.

படகுகள் ஆட்களைக் கூட்டிவர விலகிப்போயின. தண்ணீர் மெல்ல மெல்ல அடங்கியது. கம்பங்களின் நிழல் ஒவ்வொன்றாக வந்து நிமிர்ந்து நின்றது.

"இருக்கானா பாரு" என்றார் போட்டோக்காரர்.

அவள் முதலில் தண்ணீரைத்தான் பார்த்தாள். மூன்றாவது கம்பம், நாலாவது கம்பம். நடுவில் வானம் மட்டும் கிடந்தது.

"இல்லீங்க. போயிட்டாரு."

"ஆமா. கீழ இல்ல." அவர் தலையைத் திருப்பினார், இன்னும் கொஞ்சம் திருப்பினார். "மேல ஏறிட்டான். அந்தம்மா பக்கத்துல நிக்கிறான். நிக்கிறான்ல?"

அவள் கரையைப் பார்த்தாள். மூன்றாம் கம்பத்துக்குப் பக்கத்தில் தையல்காரம்மா மட்டும்தான் இருந்தாள். ஆனால் அவள் நடுக்கரையில் நிற்கவில்லை. ஓரத்துக்குத் தள்ளி நின்றாள், ஒற்றையடிப் பாதையில் கூட வருகிறவருக்கு இடம் விட்டு நிற்கிற மாதிரி. முகத்தைச் சற்றே அந்தப் பக்கம் சாய்த்திருந்தாள்.

"நிக்கிறாரு" என்றாள் ரப்பரக்கா. இது பொய்யா நிஜமா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அவர் சட்டை நுனியை ஒரே ஒரு தடவை இழுத்தாள்.